உடைக்கப்படாத மட்டை

 

இம்மாதம் ஒரு டெனிஸ் விளையாட்டு வீரரைப் பற்றி உங்களோடு பேசலாம் என்றிருக்கிறேன். மௌலவிக்கும் டெனிஸுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். ஆனால் விளையாட்டு இன்று நம் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கும் ஒரு பொருளல்ல. தொலைக்காட்சி வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் அது நம் பிள்ளைகளின் தலையணை வரை வந்துவிட்டது. எந்த வீரர் எத்தனை கிண்ணம் வென்றார், எவ்வளவு பணம் பெற்றார் என்பதையெல்லாம் நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள். அந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் ஒரு வளர்ப்பு இருந்தது என்பதை மட்டும் அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் உம்மாமாராகிய நீங்கள்தாம்.

நம் மார்க்கம் விளையாட்டை முற்றாக வெறுத்து ஒதுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது தம் மனைவி ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஆயிஷா நாயகி வென்றார்கள். பிறகொரு காலத்தில், அன்னையவர்களின் உடல் சற்றுக் கனத்திருந்த வேளை, மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் முந்தினார்கள். அன்றைய வெற்றிக்கு இன்றைய வெற்றி ஈடாயிற்று என்று அன்பாகச் சொன்னார்கள். இச்செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அந்தப் பந்தயத்தில் தோற்றவர் முகம் கறுக்கவுமில்லை; வென்றவர் பெருமையடிக்கவுமில்லை. விளையாட்டில் நாம் தேட வேண்டியது இந்தப் பண்பைத்தான்.

இனி நம் வீரரின் ஊருக்கு வருவோம்.

மயூர்க்கா தீவின் பிள்ளை

ஸ்பெயின் நாட்டுக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில் மயோர்க்கா என்றொரு தீவு இருக்கிறது. அரபு நூல்களில் அதன் பெயர் மயூர்க்கா. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பாங்கொலி கேட்டுக்கொண்டிருந்தது. 1229ஆம் ஆண்டின் முடிவில் அரகோன் மன்னர் ஜேம்ஸின் படை அதன் தலைநகரைக் கைப்பற்றும் வரை அது முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் கிரந்தங்களின் ஹதீஸ்களையும் ஒன்றுசேர்த்து நூல் தந்த இமாம் ஹுமைதி (ரஹ்) அவர்கள் பிறந்த மண் அதுதான். புகாரி இமாமின் உஸ்தாதாகிய ஹுமைதி வேறு, இவர்கள் வேறு. இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்களிடம் கற்று, கிழக்கு நோக்கிப் பயணம் செய்து, கி.பி. 1095இல் பக்தாதில் வபாத்தானவர்கள் இவர்கள்.

அந்தத் தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள மனகோர் என்னும் ஊரில் 1986 ஜூன் 3ஆம் திகதி பிறந்தவர் ரஃபேல் நடால். அவர் முஸ்லிமல்லர், கிறிஸ்தவக் குடும்பமொன்றின் பிள்ளை. தந்தை செபஸ்தியான் கண்ணாடி வியாபாரம் செய்தவர். தாய் அனா மரியா வாசனைத் திரவியக் கடை வைத்திருந்து, பிள்ளைகளுக்காக அதை விட்டவர். மகன் ஒன்று, மகள் ஒன்று. பாட்டன், பாட்டி, தந்தையின் சகோதரர்கள் என்று எல்லோரும் ஒரே கட்டடத்தில் மாடிக்கொரு குடும்பமாக வாழ்ந்தார்கள். நம்மூர்க் கூட்டுக் குடும்பத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரர்களில் ஒருவர் டோனி. நம் வழக்கில் சொன்னால் ரஃபேலின் சாச்சா. ஊர் டெனிஸ் கழகத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அவர்தான், நான்கு வயதளவில் ரஃபேலின் கையில் மட்டையைக் கொடுத்தார். 2017 வரை அவரே பயிற்றுநராக உடனிருந்தார். அத்தனை ஆண்டுகளிலும் அண்ணன் மகனிடம் பயிற்சிச் சம்பளம் என்று அவர் எதுவும் வாங்கவில்லை. குடும்ப வியாபாரத்தின் இலாபத்தில் அவருக்கு அண்ணன் பங்கு கொடுத்தார். சம்பளம் வாங்காத ஆசிரியரின் நாக்கு சுதந்திரமானது. உலகப் புகழ் வந்த பின்பும் சாச்சா தம்முடைய மனதில் பட்டதை அப்படியே சொல்ல முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணிக்கைகள்

டெனிஸைப் பற்றி அறியாத சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டுதோறும் அவுஸ்திரேலியா, பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் நான்கு பெரும் போட்டிகள் நடக்கும். இங்கிலாந்தில் நடப்பதைத்தான் விம்பிள்டன் என்கிறார்கள். இரண்டு வாரங்களுக்குள் ஏழு பேரை வரிசையாக வெல்ல வேண்டும். ஒருமுறை தோற்றால் அத்தோடு பயணம் முடிந்தது. ஆண்களின் ஆட்டத்தில் ஐந்து செட்டுகளில் மூன்றைக் கைப்பற்றுபவர் வெற்றியாளர்.

இந்த நான்கு போட்டிகளிலும் சேர்த்து நடால் வென்ற பட்டங்கள் 22. பிரான்ஸில் 14, அமெரிக்காவில் 4, விம்பிள்டனில் 2, அவுஸ்திரேலியாவில் 2. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம், 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இரட்டையர் தங்கம். தொழில்முறை ஆட்டத்தில் மொத்தம் 92 பட்டங்கள். உலகின் முதலாம் இடத்தில் 209 வாரங்கள். 2005 ஏப்ரலில் முதல் பத்து வீரர்களுக்குள் வந்தவர், 2023 மார்ச் வரை அதிலிருந்து இறங்கவேயில்லை. பட்டியல் கணக்கில் அது தொடர்ச்சியாக 912 வாரங்கள். பரிசுப் பணம் மட்டும் 13 கோடி டொலருக்கும் அதிகம்.

இவற்றுள் எல்லாவற்றிலும் வியப்புக்குரியது பிரான்ஸின் கணக்குத்தான். பாரிஸிலுள்ள ரோலண்ட் கரோஸ் அரங்கின் தரை செங்கல் தூள் பரப்பிய சிவந்த தரை. அந்தத் தரையில் பட்ட பந்தின் வேகம் குறையும். பந்து உயர எழும்பும். ஆகவே எவ்வளவு பலமாக அடித்தாலும் எதிராளி ஓடிச்சென்று திருப்பியடித்துவிடுவார். ஒரேயொரு புள்ளிக்காக இருபது, முப்பது தடவை பந்தை அடிக்க நேரும். பலசாலியை விடப் பொறுமைசாலிக்கே அந்தத் தரை இணங்கும். அங்கே 2005இல் முதன்முறையாக ஆடவந்த நடால், அந்த முறையே பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 19. கடைசியாக 2022இல் வென்றபோது வயது 36. இடைப்பட்ட காலமெல்லாம் சேர்த்து அங்கே அவர் ஆடிய ஆட்டங்கள் 116. வென்றவை 112. தோற்றவை நான்கே நான்கு. ஒரே பெரும் போட்டியை ஒருவர் 14 தடவை வெல்வது டெனிஸ் வரலாற்றில் ஆண்களிலும் பெண்களிலும் வேறெவருக்கும் வாய்க்கவில்லை.

இந்தக் கணக்குகள் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாத பகுதிக்கு இப்போது வருகிறேன்.

ஒரு மட்டையும் உடையவில்லை

டெனிஸ் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒரு புள்ளி தவறியதும் கையிலுள்ள மட்டையைத் தரையில் ஓங்கியடித்து நொறுக்கும் வீரர்கள் பலர். உலகின் முதல்தர வீரர்களும் அதைச் செய்திருக்கிறார்கள். அரங்கிலிருப்போர் அதைப் பார்த்துக் கூச்சலிடுவார்கள். நம் பிள்ளைகளும் அதைப் பார்க்கிறார்கள்.

நடால் தம் தொழில் வாழ்நாள் முழுவதிலும் கோபத்தால் ஒரு மட்டையைக்கூட உடைத்ததில்லை. காரணம், சிறுவயதில் சாச்சா விதித்த ஒரு நிபந்தனை. மட்டை விலையுயர்ந்த பொருள். அதை வாங்க வசதியற்ற பிள்ளைகள் உலகில் ஏராளம். என்றைக்கு நீ மட்டையை எறிகிறாயோ அன்றோடு நான் உனக்குப் பயிற்றுநரல்லன் என்று டோனி கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். அந்தப் பிள்ளை அதை ஏற்றுக்கொண்டான். கோடிகள் சேர்ந்த பின்பும், ஒரு மட்டை அவருக்கு ஒரு பொருட்டேயில்லை என்ற நிலை வந்த பின்பும், அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

மல்யுத்தத்தில் ஆளை வீழ்த்துபவன் வீரனல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்ற கருத்தை நம் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த ஹதீஸை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் அரபியோடு ஓதுகிறார்கள். ஓதிவிட்டு வீட்டுக்கு வந்து, சோற்றுக்குக் கறி பிடிக்கவில்லையென்றால் கோப்பையைத் தள்ளுகிறார்கள். கைத்தொலைபேசியைக் கேட்டுக் கிடைக்காவிட்டால் கதவை அறைகிறார்கள். "சின்னப் பிள்ளைதானே" என்று நாம் விட்டுவிடுகிறோம். சகோதரிகளே, நடாலும் அந்த நிபந்தனையைக் கேட்டபோது சின்னப் பிள்ளைதான்.

வேறு பயிற்சிகளும் இருந்தன. பயிற்சி முடிந்ததும் சிதறிக்கிடக்கும் பந்துகளைப் பொறுக்குவதும் ஆடுகளத்தைக் கூட்டுவதும் ரஃபேலின் வேலை. ஒருநாள் கடும் வெயிலில், தண்ணீர்ப் போத்தலை வீட்டில் மறந்துவிட்டு வந்தான். சாச்சா நினைத்திருந்தால் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. உன் பொருளுக்கு நீயே பொறுப்பு என்பதைத் தாகம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான ஸ்பானிய தேசியப் போட்டியில் வென்று வீடே மகிழ்ந்திருந்தபோது, டோனி ஒரு பட்டியலோடு வந்தார். அதே போட்டியைக் கடந்த 25 ஆண்டுகளில் வென்றவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக வாசித்து, இவரைத் தெரியுமா, இவரைத் தெரியுமா என்று கேட்டார். பெரும்பாலானோரை எவருக்கும் தெரியவில்லை. பிற்காலத்தில் பெரிய வீரராக வந்தவர்கள் அதில் ஒரு சிலர் மட்டுமே.

இதைப் படிக்கும்போது என் சிந்தனை நம் வீடுகளின் பக்கம் போகிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியெய்திய பிள்ளைக்கு மாலை போட்டு, பதாகை கட்டி, முகநூலில் படம் ஏற்றி, பத்து வயதிலேயே "டொக்டர்" என்று அழைத்துவிடுகிறோம். அந்தப் பத்து வயது மாலையின் பாரத்தைத் தாங்க முடியாமல் பதினாறு வயதில் வளைந்துபோன பிள்ளைகள் எத்தனை பேர்! பாராட்டுவது நல்லதுதான். வெற்றியைக் கொடுத்தவன் அல்லாஹ், போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது என்ற இரண்டு வார்த்தையையும் அந்தப் பாராட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.

டோனி தம் உரைகளில் சொல்லிவரும் இன்னொரு நிகழ்ச்சியையும் கேளுங்கள். சிறுவன் ரஃபேல் ஓர் ஆட்டத்தில் தான் சுலபமாக வெல்லக்கூடிய ஒருவனிடம் தோற்றுக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டையில் வெடிப்பு இருப்பதைக் கவனித்துச் சொன்னார். இவ்வளவு நேரமும் உனக்கு அது தெரியவில்லையா என்று சாச்சா கேட்டார். தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், மட்டையைப் பற்றி யோசிக்கவே இல்லை என்ற கருத்தில் பிள்ளை பதில் சொன்னான். நம் பிள்ளைகளிடம் குறைந்த புள்ளிக்குக் காரணம் கேட்டுப் பாருங்கள். கேள்வித்தாள் கஷ்டம், டீச்சர் சரியில்லை, பக்கத்துப் பிள்ளை பேசினான் என்று பட்டியல் நீளும். பல வேளை அந்தப் பட்டியலைப் பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பதும் நாம்தாம்.

வலித்த பாதம்

2005இல், முதல் பெரும் பட்டம் வென்ற அதே ஆண்டில், நடாலின் இடது பாதத்திலுள்ள சிறு எலும்பொன்றில் அரிதான ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இனி ஆடவே முடியாமல் போகலாம் என்ற நிலை. வயது பத்தொன்பது. காலணிக்குள் விசேடமான அடித்தட்டு வைத்துப் பாதத்தின் பாரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பாதம் ஓரளவு தப்பியது. பாரம் முழங்காலுக்கும் முதுகுக்கும் ஏறியது. அதன் பின்பு வென்ற 21 பெரும் பட்டங்களும் இந்தப் பாதத்தோடு வென்றவைதான்.

2021இன் பிற்பகுதியில் பெரும்பங்கை அந்தப் பாதம் பறித்துக்கொண்டது. 2022 ஜனவரியில் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது அவர் பட்டம் வெல்வார் என்று எதிர்பார்த்தவர்கள் மிகச் சிலர். இறுதியாட்டத்தில் ரஷ்யாவின் மெட்வடேவிடம் முதல் இரண்டு செட்டுகளையும் இழந்தார். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார். ஆட்டம் 5 மணி 24 நிமிடம் நீடித்தது. அதே ஆண்டு பிரான்ஸில், பாதம் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு 14ஆவது பட்டத்தை வென்றார்.

ஸப்ர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்காருவது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இருக்கும் நிலையில், இருக்கும் பலத்தோடு, அடுத்த காரியத்தைச் சரியாகச் செய்வதும் ஸப்ரின் பகுதியே. அமல்களில் அல்லாஹ்வுக்கு விருப்பமானது குறைவாயினும் நிரந்தரமாகச் செய்வதே என்று நபியவர்கள் கற்றுத்தந்தார்கள். தினமும் ஒரு பக்கம் குர்ஆன் ஓதும் பெண்ணும், நோயாளி மாமியைப் பத்து வருடம் பராமரிக்கும் மருமகளும் 912 வாரங்கள் இறங்காமல் நிற்பவர்கள்தாம். அவர்களுக்குக் கிண்ணம் கொடுப்பார் இல்லை. அவர்களுடைய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

வீட்டில் விழுந்த விரிசல்

இனிச் சொல்லப்போவதை நிதானமாக வாசியுங்கள்.

2009 பெப்ரவரியில் நடால் அவுஸ்திரேலியப் பட்டத்தை முதன்முறையாக வென்றார். அப்போது அவரே உலகின் முதல் வீரர். வெற்றியோடு நாடு திரும்பும் வழியில், விமானத்தில், உன் தாய்க்கும் எனக்கும் இடையில் பிரச்சினை இருக்கிறது என்ற செய்தியைத் தந்தை அவரிடம் சொன்னார். அதே ஆண்டு மே 31ஆம் திகதி, அதுவரை ஒரு தோல்வியையும் காணாத பாரிஸ் தரையில், சுவீடனின் சோடர்லிங்கிடம் நடால் தோற்றார். விம்பிள்டன் பட்டத்தைக் காக்கவும் அவரால் போக முடியவில்லை. ஊரார் அறிந்த காரணம் முழங்கால் வலி. 2011இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே அதைத் திறந்து சொன்னார். முழங்கால் வலித்தது உண்மை. ஆனால் அடிவேர் மனதில் இருந்தது. பெற்றோரின் பிரிவு தம்மை உள்ளே உடைத்துவிட்டது என்பது அவர் சொன்னதன் சாரம்.

எண்ணிப்பாருங்கள். வயது இருபத்து மூன்று. பணம், புகழ், வைத்தியர்கள், பயிற்றுநர்கள் எல்லாம் உண்டு. அப்படிப்பட்டவரையே உம்மா வாப்பாவின் பிரிவு இப்படி வீழ்த்தியதென்றால், அடுத்த அறையில் நாம் போடும் சத்தத்தைப் போர்வைக்குள்ளிருந்து கேட்கும் எட்டு வயதுப் பிள்ளையின் நிலை என்ன? கணவன் மனைவியைப் பிரித்துவிட்டு வந்த ஷைத்தானைத்தான் இப்லீஸ் தன் அருகே அழைத்துப் பாராட்டுகிறான் என்று முஸ்லிம் கிரந்தத்தில் வரும் ஹதீஸை நாம் கேட்டிருக்கிறோம். கருத்து வேறுபாடு இல்லாத வீடில்லை. தலாக்குக்கும் குல்உவுக்கும் மார்க்கத்தில் இடமுண்டு; அநியாயத்தைச் சகித்துக்கொண்டே இரு என்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்ல வரவில்லை. பிள்ளையை நடுவில் நிறுத்திச் சண்டை போடாதீர்கள், வாப்பாவின் குறையைப் பிள்ளையிடம் கொட்டாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஆண்களுக்கும் இதே சொல்தான். பத்திரிகையை அவர்கள் கையிலும் கொடுத்து இந்தப் பகுதியைக் காட்டுங்கள்.

அடுத்த ஆண்டு, 2010இல், நடால் எழுந்து வந்து பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா என்று மூன்று பெரும் பட்டங்களை ஒரே ஆண்டில் வென்றார் என்பதையும் சொல்லிவைக்கிறேன். உடைந்த பிள்ளை எழ முடியும். அரவணைக்கும் கைகள் மிச்சமிருக்க வேண்டும்.

கண்டிப்பும் கனிவும்

டோனியின் முறை முழுவதையும் நான் ஆதரிக்கவில்லை. அவர் சிறுவனைப் பலர் முன்னிலையில் சத்தமிட்டு ஏசுவதுண்டு. கவனம் சிதறினால் அவன் மேல் பந்தை அடிப்பதுமுண்டு. பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த நாட்கள் இருந்தன. தாயின் மனம் பொறுக்கவில்லை; என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டு ஆற்றினார். பதினான்கு வயதில் டெனிஸுக்காகப் பார்சிலோனாவுக்கு அனுப்பும்படி அழைப்பு வந்தபோது, பிள்ளை வீட்டிலேயே வளரட்டும் என்று குடும்பம் மறுத்துவிட்டது. படிப்பை விடக்கூடாது என்பதில் தாய் உறுதியாக நின்றார்.

அனஸ் (ரழி) அவர்கள் பத்து வருடங்கள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து வருடங்களில் "ச்சீ" என்ற ஒரு சொல்லைக்கூட அவர்களிடமிருந்து கேட்டதில்லை என்று பிற்காலத்தில் சாட்சி சொன்னார்கள். நமக்கு முன்மாதிரி அதுதான். ஒழுங்கில் கண்டிப்பு இருக்கட்டும். நாவில் கனிவு இருக்கட்டும். மத்ரஸாவில் கற்பிக்கும் எங்களுக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

உயர்ந்தது தாழும்

நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு நாட்டுப்புற அரபி, சவாரிக்குப் பழகிய இளம் ஒட்டகமொன்றில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது. இவ்வுலகில் உயர்ந்த எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்று நபியவர்கள் அவர்களுக்கு விளக்கினார்கள். இது புகாரியில் வரும் சம்பவம்.

நடாலின் கணக்கும் அப்படித்தான். 2022இல் ஆண்கள் டெனிஸில் 22 பட்டங்களோடு அவரே எல்லோருக்கும் மேலே நின்றார். அடுத்த ஆண்டிலேயே சேர்பியாவின் ஜோகோவிச் அவரைத் தாண்டி 24க்குப் போய்விட்டார். 2024 மே மாதம், 14 தடவை வென்ற அதே பாரிஸ் தரையில், முதல் ஆட்டத்திலேயே ஜெர்மனியின் ஸ்வெரெவிடம் நடால் தோற்றார். அந்த ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி மலாகா நகரில் நெதர்லாந்து வீரர் ஒருவரிடம் தோற்றதோடு அவருடைய தொழில் வாழ்க்கை முடிந்தது. கடைசி ஆட்டம் தோல்வி. அன்றும் மட்டை உடையவில்லை.

இனி எஞ்சியிருப்பது என்ன? 2018 ஒக்டோபரில் மயோர்க்காவில் பெருவெள்ளம் வந்தது. மனகோருக்கு அயலிலுள்ள சான் லொரென்ஸ் ஊர் சேற்றில் மூழ்கியது. 13 உயிர்கள் போயின. நடால் தம் பயிற்சி நிலையத்தை வீடிழந்தோருக்குத் திறந்துவிட்டார். தாமும் இறப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, தும்புத்தடியைப் பிடித்து, மக்களோடு மக்களாகச் சேற்றைத் தள்ளினார். அப்போது அவர் உலகின் முதலாம் இட வீரர். ஆடுகளத்தைக் கூட்டப் பழகிய கைக்குப் பிறர் வீட்டு முற்றத்தைக் கூட்டுவது கஷ்டமாக இருக்கவில்லை.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டித் துப்புரவு செய்த ஒரு பெண் இறந்ததும், அறிவிக்காமலே அடக்கிவிட்டார்கள். நபியவர்கள் விசாரித்து, கப்றடிக்குப் போய், அவருக்காகத் தொழுதார்கள். கூட்டுகின்ற கையை நம் நாயகம் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? நம் ஆண் பிள்ளைகள் ஒருநாளாவது வீட்டைக் கூட்டுகிறார்களா? தான் தின்ற கோப்பையைத் தான் கழுவுகிறார்களா? தங்கை எழுந்து தண்ணீர் கொண்டுவரும் வரை உட்கார்ந்திருக்கும் பையனை நாளை எந்த வெள்ளத்தில் எதிர்பார்ப்பது?

நடாலின் தாய் அனா மரியா, மகனின் பெயரிலுள்ள தொண்டு நிறுவனத்துக்குத் தலைமை தாங்குகிறார். இந்தியாவின் ஆந்திர மாநிலத்தில் அனந்தபூர் என்னும் வறண்ட மாவட்டத்தில் 2010இல் அவர்கள் ஒரு நிலையம் திறந்தார்கள். ஏழைப் பிள்ளைகள் அங்கே டெனிஸோடு ஆங்கிலமும் கணினியும் படிக்கிறார்கள். மட்டை வாங்க வசதியற்ற பிள்ளைகளை நினைத்துப்பார் என்று சாச்சா அன்று சொன்ன சொல், இப்படி ஒரு வாசலைத் திறந்தது.

சகோதரிகளே! அவருடைய உடை, வாழ்க்கை முறை எல்லாவற்றையும் நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆட்டம் பார்க்கும் மும்முரத்தில் அஸர் தவறிப்போவதை எந்தக் கிண்ணமும் ஈடுசெய்யாது. நமக்கு அழகிய முன்மாதிரி அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களே. ஆனால் நல்ல பாடம் எங்கே கிடந்தாலும் எடுத்துக்கொள்வது முஃமினின் இயல்பு.

எனவே இன்றிரவு பிள்ளையோடு உட்கார்ந்து அந்த 14 பட்டங்களின் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இந்த வீட்டிலும் இனிக் கோபத்தில் ஒரு பொருளும் உடையக்கூடாது என்று ஓர் ஒப்பந்தம் செய்யுங்கள். அந்த ஒப்பந்தத்தில் பிள்ளை மட்டுமன்றி உம்மாவும் வாப்பாவும் சேர்ந்துகொள்ளுங்கள். உடைந்த கோப்பைக்குப் பதில் கோப்பை கடையில் கிடைக்கும். சத்தத்தில் உடைந்த பிள்ளை மனதுக்குப் பதில் மனது எந்தக் கடையிலும் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் மனைவியரையும் மக்களையும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக்குவாயாக. கோபத்தில் எங்கள் நாவையும் கையையும் காப்பாயாக. எங்கள் வீடுகளைப் பிரிவிலிருந்து பாதுகாப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.